ரேடியோ வராத பொந்து

வண்டியின் இடது விலாவில்
கைமுட்டி நுழைகிற அளவில் ஒரு மூடி.
மூன்று வருஷமாய் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.
பரனூர் டோலுக்குச் சற்று முன்னால், ஒரு மதியம்,
கிராம்பு போன்ற அதன் திருகு தானே கழன்று விழ
உள்ளே இருட்டு.
ஒரு வயர்கூட இல்லாத இருட்டு.

புதுப்பேட்டை நாசர் பாய் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ரேடியோ குந்துற எடம் தம்பி இது.
வெளிநாட்டுல இதே வண்டி பாட்டு பாடும்.
நம்மளுக்கு ரேடியோ கெடையாது.
அச்ச மாத்துனா செலவு,
அதான் பள்ளத்த மட்டும் அனுப்பிட்டான்."

ஆக, முப்பத்தாறு மாதம்
ஐந்தாம் தேதி தவறாமல் நான் கட்டியதில்
இந்தப் பள்ளத்துக்கும் ஒரு பங்கு.
வட்டியோடு.

அயனாவரத்தில் பல்செட் செய்கிறவன் நான்.
பள்ளம் எனக்குப் புதிதல்ல.
முகம் தெரியாத வாய்கள்
பையில் வந்து, பெயர் ஒட்டி,
என் மேசையில் வரிசையாய்க் காத்திருக்கும்.
எந்தக் கடைவாய் எத்தனை நாளாய்க் காலி,
எந்தப் பக்கமாய் மென்று ஒப்பேற்றுகிறார் மனிதர் என்று
கட்டைவிரல் சொல்லிவிடும்.

அதனால் டேப் எடுத்து அளக்கவில்லை.
மூன்று வாய்க்கு வேண்டிய அச்சுமாவை
ஒரே கிண்ணத்தில் குழைத்தேன்.
(நவமணி அக்காவிடம் கணக்கு சொல்லியாகிவிட்டது.
அவள் நம்பவில்லை.)
ஞாயிறு காலை, ராயபுரம்,
வண்டியைச் சுவரோரம் சாய்த்து
பொந்துக்குள் வாஸ்லின் தடவி
மாவை அழுத்திப் பிடித்தேன்.
நாலு நிமிஷம்.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும்
தெருவையே உதறிவிட்டுப் போனது.
ஆ காட்டுங்க, அசையாதீங்க என்று
வாய் வரை வந்துவிட்டது எனக்கு.

உருவி எடுத்தேன்.
காலி இடத்துக்கு ஒரு உடம்பு இருந்தது.
"பாதி மாங்கொட்டை, பாதி செருப்பு" என்றாள் ஜெசிந்தா,
தலை துவட்டிக்கொண்டே.

அதைச் சுற்றிக் கல்மாவு ஊற்றி
திங்கட்கிழமை லேபில் காய வைத்திருந்தேன்.
முதலாளி தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.
"எந்த டாக்டர் அனுப்புன கேசுடா?
பாவம், ஒரு பல்லுகூட மிச்சமில்லையே."

எங்களிடம் இருந்தது ஈறு நிறம் மட்டும்தான்.
கறுப்பு வண்டிக்குள்
இளஞ்சிவப்பில் ஒரு பெட்டி.
தள்ளினால் க்ளிக் என்று உட்கார்ந்தது.
எத்தனையோ வாய்களில் நான் கேட்க முடியாத க்ளிக்.

பஞ்சர் கிட்டுக்காகச் செய்தது.
வைத்தால் கைப்பிடி ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.
ஆர்சி புத்தகம் வளைந்தது.
டயர் காற்று பார்க்கிற மீட்டர் அடங்கியது,
மூடிதான் அடங்கவில்லை.
நாளைக்கு அரைத்துச் சரி பண்ணலாம் என்று தூங்கிப்போனேன்.

விடியற்காலை அடையாறு தாண்டி,
திருவான்மியூர் சிக்னலில்தான் கவனித்தேன்,
மூடி மூடியிருக்கிறது.
"என்ன வச்சே?"
"என்னோடது."
பின்னால் இரண்டு பெட்டி, டேங்க் மேல் ஒரு பை,
எல்லாவற்றிலும் என் ஸ்பேனர், என் செயின் ஆயில்,
என் மழைக்கோட்டு.
மூன்று வருஷம் அவள் கைப்பையை
மடியில் இடுக்கிக்கொண்டு வந்தது
கோவளம் வளைவில்தான் எனக்கு உறைத்தது.
ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாமல்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அறுபதைத் தாண்டியதும்
இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.
தகர டப்பாவில் இருமல் மிட்டாய்,
நடுவே ஏதோ கொண்டை ஊசி போல மெல்லிசாய்,
ரோடு மாறினால் தாளமும் மாறியது.
முட்டுக்காடு பாலத்தின் இணைப்புகளில் நன்றாகவே எடுபட்டது.

"பஞ்சு திணிச்சிடட்டுமா?" என்று
தோளைத் தட்டிக் கேட்டாள்.

காற்றில் காது கேட்காதது போல
எழுபதுக்குப் போனேன்.